ஒப்துலியா மேடேறி வந்தாள்

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி

அன்புள்ள அதேலாவுக்கு,

அக்கா நெரெய்தா எழுதுவது. கடவுள் உன்னையும், ஆபரேஷன் செய்த உன் முழங்காலையும் நல்லபடி வைத்திருக்கட்டும்.

காலையில் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போன் செத்துப்போய்விட்டது. நான்தான் கோபத்தில் வைத்துவிட்டேன் என்று நினைத்திருப்பாய். சத்தியமாக வைக்கவில்லை. அதற்கப்புறம் நாலு தடவை போட்டுப் பார்த்தேன், உயிர் வரவில்லை. அதனால்தான் இந்தப் பேனா. உனக்குக் கடிதம் எழுதி எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். நீ மாசச்சூசெட்ஸ் போன முதல் குளிர்காலத்தில் எழுதியதுதான் கடைசி என்று நினைக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

புயலுக்கு முன்னால் அங்கே வந்துவிடு என்று நீ கேட்டதற்குப் பதில், வரவில்லை என்பதுதான். விமான நிலையத்தையும் மதியமே மூடிவிட்டார்களாம். மூடாவிட்டாலும் நான் வந்திருக்க மாட்டேன், அது உனக்கே தெரியும். என் வீட்டுக்காரர் எலியேசர் போட்ட கான்கிரீட் கூரையை இங்கே விட்டுவிட்டு, உன் சோபாவில் உட்கார்ந்து டிவியில் அதைத் தேடிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. பிடிவாதக்காரி என்பாய். பாதி பிடிவாதம்தான். மீதிப் பாதியைக் காலையில் சொல்ல வெட்கமாக இருந்தது, இப்போது எழுதுகிறேன். எனக்கு இந்தப் புயலைப் பார்க்க வேண்டும். இந்த அறுபத்து நாலு வயதில் எத்தனையோ புயல் வந்து போயிருக்கிறது. எல்லாம் பக்கவாட்டில் அடித்துவிட்டுப் போனவை. இதன் கண் நேராக நம் மலைக்கு மேலேயே வரும் என்று வானொலியில் சொல்கிறார்கள். அந்தக் கண்ணுக்குள் நின்றால் எப்படி இருக்கும் அதேலா? வானம் தெரியுமா? காற்று சுத்தமாக நின்றுவிடுமா? முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் அரிசிப் பானைக்குள்ளேயே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு தடவை வானத்தை எட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் தப்பா?

வேலையெல்லாம் முடிந்துவிட்டது. குளியல் தொட்டி, இரண்டு பீப்பாய், பெரிய சட்டிகள் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன். முன்பக்க ஜன்னல்களுக்கு எதிர்வீட்டுப் பெரியவர் டான் ஹெரிபெர்ட்டோ வந்து தகரப் பலகை மாட்டிக் கொடுத்தார். மாட்டும்போதே, "என்ன நெரெய்தா, புயலுக்கு விருந்து வைக்கப் போறியா, வீடு பூரா இப்பிடி மணக்குது" என்று கேலி வேறு. மின்சாரம் போனால் குளிர்பெட்டியில் இருப்பதெல்லாம் கெட்டுவிடுமே என்று பன்றித் தொடையையும் கோழியையும் ஒன்றாக அடுப்பில் ஏற்றியிருக்கிறேன். பிஸ்கட், டப்பா சாசேஜ், மெழுகுவர்த்தி, மாத்திரை எல்லாம் ஒரு வாளிக்குள். சமையலறைப் பின்கதவுக்குத்தான் பலகை போதவில்லை. அது பள்ளத்தாக்குப் பக்கம், அங்கிருந்து காற்று வராது என்று ஹெரிபெர்ட்டோ சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொன்று. மதியத்திலிருந்து எறும்புகள் வெள்ளை முட்டைகளைத் தூக்கிக்கொண்டு சுவரில் ஏறி வருகின்றன. எங்கே போகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்த்தேன். நம் அம்மாவின் கன்னிமேரி படம் இருக்கிறதல்லவா, அதன் சட்டத்துக்குப் பின்னால் குடியேறுகின்றன. யார் அவற்றுக்குச் சொன்னார்கள்? வானொலி மாதிரி ஏதாவது...

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். இரு.


ஞாயிற்றுக்கிழமை

அதேலா,

உயிரோடு இருக்கிறேன். கை கால் முழுசாக இருக்கிறது. வீடும் நிற்கிறது. மேலே பாதியில் நிற்கிற வரியைப் பார், அதை எழுதிப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. புயல் போன பிறகு போன் கோபுரம் எல்லாம் படுத்துவிட்டது. போர்ட்டோ ரிக்கோ முழுக்க இருட்டு என்று வானொலி சொல்கிறது. நீ அங்கே எத்தனை தடவை போட்டுப் பார்த்தாயோ, யாரிடமெல்லாம் விசாரித்தாயோ, அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஹெரிபெர்ட்டோவின் மருமகள் நாளை சான் ஹுவான் போய் விமானம் ஏறுகிறாள். அவள் அங்கே இறங்கியதும் இதைத் தபாலில் போடுவாள்.

தட்டியது யார் என்று சொல்லாமல் மேலே எழுதினால் நீ விடமாட்டாய். ஒப்துலியா.

ஆமாம், அவளேதான். ஆற்றங்கரை ஒப்துலியா. எலியேசரை அடக்கம் செய்த அன்று கல்லறை வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, நீ கிட்டப் போய், "வெக்கம்னு ஒண்ணு இருந்தா இப்பிடியே திரும்பிப் போ" என்று விரட்டினாயே, அவள். கடிதத்தைக் கீழே வைத்துவிடாதே. முழுக்கப் படி.

கதவைத் திறந்தபோது ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கக்கத்தில் துண்டில் சுற்றிய ஒரு சண்டைச் சேவல். தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு அது என்னை ஒரு கண்ணால் அளந்தது. "டோன்யா நெரெய்தா, ஆறு என் வாசப்படி வரைக்கும் ஏறிடுச்சு. பள்ளிக்கூடத்து முகாமுல என்னைச் சேத்துக்குவாங்களாம், இவனைச் சேத்துக்க மாட்டாங்களாம். இவனை விட்டுட்டு நான் எங்க போறது" என்றாள், மரியாதையாக டோன்யா போட்டு. நான் அந்தச் சேவலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்ப்பதைவிட அது சுலபமாக இருந்தது. கடைசியில், "கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நின்னா மழை உள்ள வருது, வா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதில் தர்மம், கருணை ஒன்றும் இல்லை. உண்மையாகவே தரை நனைந்துகொண்டிருந்தது.

உனக்கு ஒன்று தெரியுமா, எலியேசர் இருந்தவரைக்கும் நான் அவரிடம் இவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஊர் வாய்க்கு மூடி கிடையாது, என் காதுக்கும் வந்து சேர்ந்தது. ஆனாலும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம். அதற்குப் பதிலாக என் மனசுக்குள் நானே ஒரு பொம்பளையைச் செய்து வைத்துக்கொண்டேன். அவளுக்கு மெல்லிய குரல். நல்ல இடுப்பு. காப்பியில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடிப்பாள், எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். நிஜத்தில் வந்து என் சமையலறையில் உட்கார்ந்தவளுக்கு லாரி டிரைவர் மாதிரிக் குரல். சர்க்கரையே தொடுவதில்லை. இடது கையால் வாழைக்காய் சீவுகிறாள், பத்துக் காயையும் நான் மூன்றை முடிப்பதற்குள் சீவிவிட்டாள். அழகும் என்னைவிடக் கூட இல்லை. அதைப் பார்த்து எனக்கு ஆறுதல் வரவேண்டாமா? வரவில்லை. அழகுக்காகப் போகவில்லையென்றால் வேறு எதற்குப் போனார் என்று புதுக் குடைச்சல் ஒன்று ஆரம்பித்தது. அன்றைக்கு அவளிடம் சேவலின் பெயர் மட்டும் கேட்டேன். "வக்கீல்" என்றாள். ஏன் அப்படி என்றதற்கு, "தோத்தாலும் கத்திக்கிட்டே இருப்பான்" என்றாள். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

புதன்கிழமை விடியற்காலையிலேயே மின்சாரம் போயிற்று. ஏழு மணிக்கெல்லாம் காற்று வேறு மாதிரி ஆகிவிட்டது. விசில் சத்தம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். விசில் ஆரம்பத்தில்தான். அப்புறம் கீழேயிருந்து ஒரு உறுமல், காதால் கேட்பதில்லை, வயிற்றால் கேட்பது. நாங்கள் குளியலறைக்குள் போய்விட்டோம். வீட்டின் நடுவில் ஜன்னலில்லாத இடம் அது ஒன்றுதான். அவள் கவிழ்த்த வாளிமேல், நான் தண்ணீர் நிறைந்த தொட்டியின் விளிம்பில், வக்கீல் கைகழுவும் தொட்டிக்குள் துண்டு விரித்து. இதை யாராவது படம் பிடித்திருக்க வேண்டும்.

நான் என்னவெல்லாம் பார்த்தேன் தெரியுமா? கக்கூஸ் பீங்கானுக்குள் தண்ணீர் தானாக ஏறி ஏறி இறங்கியது, யாரோ அடியிலிருந்து மூச்சு விடுகிற மாதிரி. காது அடைத்து அடைத்துத் திறந்தது. கதவிடுக்கு வழியாகப் பச்சை வாசனை, புல் வெட்டினால் வருமே அது, ஆனால் நூறு மடங்கு. மலையில் இருந்த இலையெல்லாம் அந்த நேரத்தில் அரைபட்டுக்கொண்டிருந்தது என்று பிறகுதான் புரிந்தது. கூரை ஆடுகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு நூலில் திருகாணியைக் கட்டிக் குளியல் குழாயில் தொங்கவிட்டேன். அது நடுங்கியதே தவிர ஊசலாடவில்லை. ஒப்துலியா குனிந்து, "என்ன பண்றீங்க?" என்று கத்தினாள். வீடு ஆடுதா என்று பார்க்கிறேன் என்று நானும் கத்தினேன். "அவர் சொல்லுவார், நீங்க—" என்று ஆரம்பித்தவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அதன் பிறகு நான் திருகாணியைப் பார்க்கவில்லை. நான் என்ன? அவர் என்ன சொல்லுவார்? வெளியே உலகம் பிய்ந்துகொண்டிருக்கிறது, எனக்கு அந்தப் பாதி வாக்கியம்தான் பெரிதாக இருந்தது.

பதினொன்றே முக்காலுக்கு நின்றது. தேய்ந்து தேய்ந்து நிற்கவில்லை, மாவு மிஷினை அணைத்த மாதிரி நின்றது. மரக்கிளைகளைத் தள்ளி முன்கதவைத் திறந்தோம். வெயில் அதேலா. நல்ல உச்சி வெயில். தலைக்கு மேலே கழுவிவிட்ட நீலம், சுற்றிலும் வெள்ளை மதில் மாதிரி மேகம், கிணற்றுக்குள் நின்று மேலே பார்ப்பது போல. அந்த நீலத்தில் கருப்பாகப் பறவைகள் வட்டமடித்தன. வாலைக் கத்தரி மாதிரி வைத்திருக்கும் கடல் பறவைகள். கடல் எங்கே, நம் மலை எங்கே? புயல் அவற்றைக் கண்ணுக்குள் அடைத்துக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறது. வெளியே போனால் சாவு, அதனால் உள்ளேயே சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தன. விடிந்துவிட்டது என்று நினைத்து வக்கீல் உள்ளேயிருந்து கூவினான். பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதெல்லாம் அங்கே இருந்தது.

ஒப்துலியா மேலே பார்க்கவில்லை. மேட்டின் ஓரம் போய்க் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் போய்ப் பார்த்தேன். அவள் வீடு இருந்த இடத்தில் ஆறு ஓடியது. தகரமும் இல்லை, தூணும் இல்லை, வேலிகூட இல்லை. பழுப்புத் தண்ணீர் மட்டும், அங்கே எப்போதுமே அதுதான் இருந்தது போல. "ஓ" என்றாள்.

இதை எழுதத்தான் கை கூசுகிறது. வீடு போய் ஒரு நிமிஷம்கூட ஆகாத ஒருத்தியிடம் நான் அந்த நேரத்தில் கேட்டேன். "என் வீட்டுக்காரர் உன் வீட்டுக்கு எத்தனை வருஷம் வந்தாரு?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். அவர்தான் இல்லையே. என்னைத் திரும்பிப் பார்த்து, "நாலு வருஷம் டோன்யா. செவ்வாய்க்கிழமையில, நீங்க பள்ளிக்கூடத்துல இருக்கற நேரம். உடம்புக்கு முடியாம ஆனதும் வரல. நானும் கூப்பிடல" என்றாள். கணக்காக, கேட்டதற்கு மட்டும் பதில்.

நான் "போ" என்றேன்.

உனக்கு மட்டும்தான் இதை எழுதுகிறேன், ஹெரிபெர்ட்டோவுக்குக்கூடத் தெரியாது. புயலின் மறுபாதி வரப்போகிறது என்று தெரிந்துதான் சொன்னேன். பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர், ரோடு முழுக்க மரம் விழுந்து கிடக்கிறது என்பதும் தெரியும். தெரிந்தே சொன்னேன். அவள் வாக்குவாதம் செய்யவில்லை. உள்ளே போய்ப் பையையும் சேவலையும் எடுத்துக்கொண்டு, போகும்போது, "காப்பிக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். நான் வாசலில் நின்று அவள் முதுகைப் பார்த்தேன். ஒன்பது வருஷமாகச் சந்தையிலும் கோயிலிலும் பார்த்த அதே முதுகு. எனக்கு நிம்மதி வருமா என்று காத்திருந்து பார்த்தேன். நிஜமாகவே காத்திருந்தேன், என்னதான் வருகிறது பார்ப்போம் என்று. தெற்கே மலைக்குப் பின்னாலிருந்து உறுமல்தான் வந்தது. பறவைகள் எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கின.

ஓடினேன். இந்த இடுப்பை வைத்துக்கொண்டு எப்படி ஓடினேன் என்று கேட்காதே. ஹெரிபெர்ட்டோ வீட்டுச் சீமைப்பலா மரம் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. அவள் அதன் அந்தப் பக்கம் போய்விட்டிருந்தாள். "திரும்பு" என்று கத்தினேன். அவள் நின்று என்னைப் பார்த்தாள், நம்பாமல். "சேவலை இப்பிடிக் குடு, நீ ஏறி வா" என்றேன். நீட்டினாள். வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டேன், அது என் கழுத்தைக் கீறிவிட்டது, தழும்பு இன்னும் இருக்கிறது. வாசலைத் தாண்டிக் கதவைச் சாத்தவும் மழை பக்கவாட்டில் வந்து மோதவும் சரியாக இருந்தது.

மறுபாதிக் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. பள்ளத்தாக்குப் பக்கம். ஹெரிபெர்ட்டோ பலகை வேண்டாம் என்று சொன்ன பின்கதவு பாய்மரம் மாதிரி உள்ளே உப்பியது. தாழ்ப்பாள் திருகு ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. அந்தக் கதவு போனால் காற்று உள்ளே புகுந்து ஜன்னல்களைப் பிடுங்கிவிடும், அப்புறம் கான்கிரீட் கூரை இருந்தும் பிரயோஜனம் இல்லை. இரண்டு பேருமாகப் பாத்திர அலமாரியைத் தள்ளிக்கொண்டுபோய்க் கதவுக்கு அணை கொடுத்து, அதன்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தோம். நான் ஒரு ஆளாக இருந்திருந்தால் பத்து நிமிஷம் தாங்கியிருக்க மாட்டேன். மூன்றரை மணி நேரம் தாங்கினோம். ஒவ்வொரு அடிக்கும் இரண்டு முதுகும் ஒன்றாக முன்னால் வந்து ஒன்றாகப் பின்னால் போகும்.

அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் கேட்டேன். சேவலுக்காக வந்ததாகச் சொன்னாயே, ஹெரிபெர்ட்டோ வீடும் கான்கிரீட்தானே, அங்கே போகாமல் என் கதவை எதற்குத் தட்டினாய் என்று. அவள் என் காதுப் பக்கம் குனிந்து சொன்னாள். "அவர் சொல்லியிருந்தார். பெரிய புயல் வந்தா ஆத்தங்கரையில கிடக்காத, நேரா மேட்டுக்குப் போ, நெரெய்தா கதவைத் தட்டு. திட்டுவா. ஆனா கதவைத் திறப்பான்னு."

அதேலா, எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அந்த மனுஷன் அந்த நிமிஷம் கையில் கிடைத்திருந்தால் அடித்திருப்பேன். என்னை ஏமாற்றிய வீட்டில் உட்கார்ந்துகொண்டு என்மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறாரே. அந்த நம்பிக்கையிலும் பாதிதான் சரி. கதவைத் திறந்தேன், திட்டவில்லை, ஆனால் நடுவில் வெளியே அனுப்பினேன் அல்லவா. அது அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாத ஒன்று என்னைப் பற்றி எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் நான் விடவில்லை. வேறென்ன சொன்னார், வேறென்ன சொன்னார் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். நீ சிரிப்பாய், ஒருத்தி தன் புருஷன் தன்னைப் பற்றி என்ன சொன்னான் என்று அவளிடம் போய்க் கேட்பாளா என்று. வேறு யாரிடம் கேட்பது? அவளுக்கு மட்டும்தானே தெரியும். அவளும் மறைக்காமல் சொன்னாள், காற்று இடைவெளி விடும்போதெல்லாம் ஒவ்வொன்றாக. நான் போடும் காப்பி தண்ணி என்பாராம். அரிசியைக் கிளறும்போது மூக்காலேயே பாடுவேன் என்பாராம், எனக்கே தெரியாத விஷயம். காலையில் பள்ளிக்கூட கேட்டில் நின்று உள்ளே போகிற பிள்ளைகளைப் பார்த்தே இன்றைக்கு எத்தனை படி அரிசி என்று சொல்லிவிடுவேனாம், ஒரு நாளும் மிஞ்சியதும் இல்லை, பற்றாமல் போனதும் இல்லையாம். அதை எத்தனையோ தடவை சொல்வாராம். "பெருமையாத்தான் சொல்லுவார் டோன்யா. சில நாள் எனக்கே எரிச்சலா வரும்" என்றாள். எனக்கு நேரில் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் என்னவாம்? முப்பத்தாறு வருஷத்தில் ஒரு தடவை.

அழுதேன். அவளும் அழுதாள் என்று நினைக்கிறேன், வீட்டுக்காகவோ, எதற்கோ. இரண்டு பேருமே நேரே முன்னால் பார்த்தபடி இருந்ததால் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

மாலை ஐந்து மணிக்கு எல்லாம் ஓய்ந்தது. மறுநாள் காலையில் வெளியே வந்து பார்த்தால் மலை முழுக்கப் பழுப்பு. நெருப்பு வைத்த மாதிரி ஒரு இலை இல்லை. நம் வீட்டு வெளிச்சுவரில் இலைத்தூள் பச்சைப் பெயின்ட் மாதிரி அப்பியிருந்தது. இன்னும் வேடிக்கை என்னவென்றால், எதிர் மலையில் வீடுகள் தெரிந்தன. எட்டு வீடு. இத்தனை வருஷமாக அங்கே மரம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். அவள் யார், என்ன பெயர், தினமும் நாங்கள் மெழுகுவர்த்தி ஏற்றுவதைப் பார்க்கிறாளா, ஒன்றும் தெரியாது. ரோடு சரியானதும் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

இங்கே தினசரி வாழ்க்கை இப்படிப் போகிறது. மலை ஊற்றிலிருந்து ஹெரிபெர்ட்டோ ஒரு குழாய் இழுத்து ரோட்டோரம் விட்டிருக்கிறார், எல்லாரும் அங்கேதான் வாளியோடு வரிசை. மூன்று தெருவுக்கும் சேர்த்து நான் சமைக்கிறேன், நாற்பத்தைந்து பேர். பள்ளிக்கூடப் பானையைக் கேட்டு வாங்கி வந்தோம். துவரைச் சோறு, டப்பா மீன், கிடைத்த கிழங்கு. விறகை ஒப்துலியா பார்த்துக்கொள்கிறாள், கோடரியை அவள் பிடித்தால் ஆண்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். பூவெல்லாம் போய்விட்டதால் தேன்சிட்டுகள் பசியில் ஜன்னலில் வந்து முட்டுகின்றன. சர்க்கரைத் தண்ணீரில் சிவப்புத் துணி போட்டு வைத்தேன், மூன்று வருகின்றன. எந்த நிறத்துக்கு அதிகம் வருகிறது என்று பார்க்க நேற்று மஞ்சள் துணியும் வைத்திருக்கிறேன்.

ஊர் பேசுகிறது, பேசாமல் இருக்குமா? வரிசையில் நிற்கும்போது ஹெரிபெர்ட்டோவே எல்லார் முன்னாலும், "என்ன நெரெய்தா, ஒரே உறையில ரெண்டு கத்தி எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். "உறையைத்தான் ரெண்டு வருஷம் முன்னாடி புதைச்சாச்சே டான் ஹெரிபெர்ட்டோ, கத்திங்க இப்ப காய் நறுக்குது" என்றேன். ஒப்துலியா சிரித்ததை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். சிரிப்பும் லாரி டிரைவர் சிரிப்புதான்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். உன்னிடம் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? சில நாள் காலையில் அவள் அடுப்புக்கு முன்னால் குனிந்து நிற்கும்போது பால் மாதிரி பொங்கிக்கொண்டு வரும். அப்போது பார்த்து யாராவது தண்ணீர் தீர்ந்துவிட்டது என்பார்கள், வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். திரும்பி வருவதற்குள் அடங்கிவிடும். அடுத்த நாள் மறுபடி. பொன்சே பட்டணத்தில் அவளுக்கு ஒரு ஒன்றுவிட்ட தங்கை இருக்கிறாள், ரோடு திறந்ததும் அங்கே போய்விடுவேன் என்று முதல் நாள் சொன்னாள். ரோடு வெள்ளிக்கிழமையே திறந்துவிட்டது. அவள் போகவில்லை. நானும் கேட்கவில்லை. பின்னறையில் தையல் மிஷினை நகர்த்திக் கட்டிலுக்கு இடம் செய்திருக்கிறேன், அது ஒன்றுதான்.

கல்லறை வாசலில் நீ அவளை விரட்டியது எனக்காகத்தான். அன்றைக்கு என் வாய்க்கு வராததை உன் வாய் பேசியது. அதற்கு நான் உனக்கு நன்றிகூடச் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். அவள் உன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் தப்பாகச் சொல்லவில்லை. நானும் கேட்டுப் பார்த்தேன். "தங்கச்சின்னா அப்பிடித்தான் இருக்கணும்" என்றாள்.

நீ ஏதாவது அனுப்புவாய் என்று எனக்குத் தெரியும், வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டாய். அதனால் வேண்டியதை எழுதிவிடுகிறேன். டார்ச்சுக்கு பேட்டரி, கொசுவலை, என் இரத்த அழுத்த மாத்திரை, தீப்பெட்டி. செருப்பு ஒரு ஜோடி ஏழாம் நம்பர். அப்புறம் இன்னொரு ஜோடி, ஒன்பதாம் நம்பர். அந்த ஒன்பது மட்டும் விரல் மூடியதாக, அடிப்பாகம் தடிப்பாக, நீயே கையில் எடுத்து வளைத்துப் பார்த்து வாங்கு. ரோடெல்லாம் உடைந்த பலகையும் ஆணியும். விறகு பொறுக்கப் போகும்போது பார்த்து நட என்று சொன்னால் கேட்பதில்லை.

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், என் தங்கமே. இங்கே மேட்டில் இருக்கிற எங்களையும் சேர்த்து வேண்டிக்கொள்.

உன் அக்கா,
நெரெய்தா